மூட்டை தூக்கும் அண்ணனும் முட்டியை மடக்கச் சொன்ன டாக்டரும்

கொஞ்சம் நீளமான இழை. டீயோ காபியோ பக்கத்துல வச்சுக்கிட்டு படிங்க.

சில வருடங்களுக்கு முன்னால் என் ஓபிக்கு ஒரு லோடுமேன் அண்ணன் வந்தார். 45 வயது இருக்கும். அரிசி மண்டியில் வேலை. அவரும் இன்னொருத்தரும் சேர்ந்து தரையில் கிடக்கிற மூட்டையைத் தூக்கி, மற்றவர்கள் முதுகில் ஏற்றிவிட வேண்டும். மூட்டை 50 கிலோ. ஒரு நாளைக்குக் குறைந்தது 300 மூட்டை.

இடுப்பு பிடித்துக்கொண்டது. காலுக்கு வலி இறங்கவில்லை, மரமரப்பு இல்லை, சிறுநீர் பிரச்சினை இல்லை. தசைப்பிடிப்புதான். மாத்திரை எழுதிவிட்டு, எல்லா டாக்டர்களும் சொல்வதை நானும் சொன்னேன்.

"அண்ணே, இனிமே குனிஞ்சு தூக்காதீங்க. முட்டியை மடக்கி உட்கார்ந்து, முதுகை நேரா வச்சுத் தூக்குங்க."

அவர் சிரித்தார். கிண்டல் இல்லை, பரிதாபச் சிரிப்பு.

"சார், 300 மூட்டைக்கும் உக்காந்து உக்காந்து எந்திரிச்சா மத்தியானத்துக்குள்ள காலு செத்துரும். அப்புறம் மூட்டையோட நானும்தான் விழுவேன்."

என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு அதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, அவர் சொன்னது சரி, நான் சொன்னது பாதிதான் சரி என்று தெரிந்தது. அந்தக் கதைதான் இது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீங்க, பத்தாம் வகுப்பு இயற்பியல்தான்.

இரண்டு பேர் பிடிப்பதால் அண்ணனின் பங்கு 25 கிலோ. அதைத் தரையிலிருந்து ஒன்றே கால் மீட்டர் அளவுக்கு உயர்த்த ஏறத்தாழ 300 ஜூல் வேலை. சரி. ஆனால் முட்டியை மடக்கி உட்கார்ந்து எழும்போது மூட்டையை மட்டுமா தூக்குகிறோம்? நம்ம உடம்பையும் சேர்த்துத்தானே தூக்குகிறோம்! 65 கிலோ ஆள், அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கி ஏறினால் அதற்கே இன்னொரு 300 ஜூல் பக்கத்தில் வந்துவிடும். வெறுமனே குனிந்து நிமிர்ந்தால் இடுப்புக்கு மேலே உள்ள உடம்பு மட்டும்தான் ஏறுகிறது. அதற்கு இதில் பாதி போதும்.

அதாவது முட்டியை மடக்குகிறவர் ஒவ்வொரு மூட்டைக்கும் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மூட்டையையும் சேர்த்துத் தூக்குகிறார். 1970களிலிருந்து மூச்சுக்காற்றில் ஆக்சிஜன் செலவை அளந்து செய்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன: உட்கார்ந்து தூக்குவதற்குக் குனிந்து தூக்குவதைவிட அதிக சக்தி செலவாகிறது. தொடைத் தசையும் சீக்கிரம் களைத்துப்போகிறது.

இது அண்ணனுக்கு எந்த ஆய்வும் இல்லாமலே தெரிந்திருந்தது.

அப்படியென்றால் "முட்டியை மடக்கு" என்ற அறிவுரை எங்கிருந்து வந்தது?

கொஞ்சம் பின்னால் போவோம். இத்தாலியில் ஜொவான்னி போரெல்லி என்று ஒருவர். கணித மேதை. உடம்பை ஒரு இயந்திரமாகப் பார்த்து எலும்புகளை நெம்புகோல்களாகக் கணக்குப் போட்டவர். அவருடைய புத்தகம் அவர் இறந்த பிறகு 1680-81ல் வெளிவந்தது. அதில் சுமைகூலி ஒருவரின் முதுகெலும்பையும் கணக்குப் போட்டிருக்கிறார். அவர் கண்டுபிடித்தது அப்போது அதிர்ச்சியாக இருந்திருக்கும்: முதுகுத் தசை கொடுக்க வேண்டிய விசை, சுமக்கிற எடையைவிடப் பல மடங்கு அதிகம்.

ஏன் என்று புரிய ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அல்லது பிள்ளைகள் விளையாடும் சீசா பலகை. நடுவில் தாங்குபுள்ளி, அதுதான் நம்ம முதுகெலும்பு வட்டு. ஒரு பக்கம் முதுகுத் தசை. வட்டிலிருந்து தோராயமாக 5 செ.மீ. தூரத்தில்தான் அது இழுக்கிறது. இன்னொரு பக்கம் கையில் இருக்கும் சுமை, அது 50 செ.மீ. தள்ளி இருந்தால்? பத்து மடங்கு. 20 கிலோ வாளிக்குத் தசை 200 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும். இரண்டின் பாரமும் வட்டின் மேல்தான் உட்காரும்.

இதை மனதில் வச்சுக்கோங்க. பின்னால் திரும்ப வருவோம்.

அடுத்து 1799. பிரான்ஸில் கூலோம். ஆமாம், மின்விசைக்கு விதி எழுதிய அதே கூலோம்தான். மனிதன் ஒரு நாளில் எவ்வளவு வேலை செய்ய முடியும் என்று ஒரு கட்டுரை எழுதினார். வெறும் ஆளாகப் படியேறுகிறவன் ஒரு நாளில் செய்யும் மொத்த வேலை, சுமையோடு ஏறுகிறவன் செய்வதைவிட அதிகம் என்று காட்டினார். சுமை கூடக் கூட உடம்பு சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது, நாளின் மொத்தக் கணக்கு சரிகிறது. எவ்வளவு தூக்க முடியும் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு நேரம் தூக்க முடியும் என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் இன்றைக்கும் குழப்பிக்கொள்கிற முதலாளிகள் உண்டு.

குழப்பாதவரும் ஒருவர் இருந்தார், ஆனால் அவர் அதை எதற்குப் பயன்படுத்தினார் என்பதுதான் விஷயம். பிரடெரிக் டெய்லர். அமெரிக்காவின் பெத்லஹேம் இரும்பு ஆலை, 1899. இரும்புக் கட்டிகளை ரயில் பெட்டியில் ஏற்றும் வேலை. ஒரு கட்டி 92 பவுண்டு, நம்ம கணக்கில் கிட்டத்தட்ட 42 கிலோ. ஒரு ஆள் ஒரு நாளைக்கு பன்னிரண்டரை டன் ஏற்றிக்கொண்டிருந்தார். டெய்லர் அதை நாற்பத்தேழரை டன்னாக ஆக்கியதாக 1911ல் எழுதிய புத்தகத்தில் சொல்கிறார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்ததாம்.

வேலை ஏறக்குறைய நாலு மடங்கு. கூலி 60 சதவீதம் கூடுதல். கணக்கை நீங்களே போட்டுக்கோங்க.

47.5 டன் என்றால் 1150 கட்டிகளுக்கு மேல். பத்து மணி நேர நாளில் அரை நிமிடத்துக்கு ஒன்று. புத்தகத்தில் 'ஷ்மிட்' என்று அவர் குறிப்பிடும் தொழிலாளியின் உண்மைப் பெயர் ஹென்றி நோல். டெய்லர் சொன்ன கதை பல இடங்களில் மிகைப்படுத்தப்பட்டது என்று 1974ல் இரண்டு ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைத் தோண்டிக் காட்டினார்கள்.

ஆனாலும் டெய்லர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் பட்டது. 92 பவுண்டு சுமை என்றால், நல்ல பலசாலிகூட வேலைநேரத்தில் 43 சதவீதம்தான் சுமையோடு இருக்க முடியும், மீதி 57 சதவீதம் கை காலியாக இருக்கணும் என்கிறார் அவர். சுமையைப் பாதியாக்கினால் 58 சதவீத நேரம் சுமக்கலாம். தொழிலாளியைக் கசக்கியவர் என்று பெயரெடுத்த ஆளே, பாதி நேரத்துக்கு மேல் ஓய்வு வேணும் என்று எழுதிவைத்திருக்கிறார்! அந்த வரியை மட்டும் எந்த மண்டியிலும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

இனி சுமக்கிற விதங்களுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இது.

1924ல் பிரிட்டனில் ஈ.எம். பெடேல் என்பவர் ஒரு பெண்ணை எட்டு விதமாகச் சுமக்கவைத்து சக்திச் செலவை அளந்தார். கையில், தலையில், இடுப்பில், தோளில் இப்படி. தோள் நுகத்தில் இரண்டு பக்கமும் தொங்கவிடுவதுதான் குறைந்த செலவு என்று வந்தது. இதை ஏன் ஆராய்ந்தார்கள் தெரியுமா? ஆலைகளில் பெண்கள் சுமை தூக்கிக்கொண்டிருந்தார்கள், எவ்வளவு வரை தூக்கவைக்கலாம் என்று அரசுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

1971ல் நம்ம நாட்டு ஆய்வாளர்கள் தத்தாவும் ராமநாதனும் இதையே ஏழு விதத்தில் செய்தார்கள். 30 கிலோ சுமை, சமதளத்தில் நடை. தலையில் வைப்பது, முதுகுப் பை, நெற்றிப் பட்டையில் தொங்கும் ஷெர்பா முறை, அரிசி மூட்டையை முதுகில் போட்டுப் பிடிக்கும் முறை, காவடிக் கம்பு, இரண்டு கையிலும் தூக்குவது, முன்னும் பின்னுமாகச் சமமாகப் பிரித்துக் கட்டுவது.

கடைசியில் சொன்னதுதான் முதலிடம். அடுத்து தலைச்சுமை. கையில் தூக்குவது கடைசி இடம். முதலிடத்தைவிட 40 சதவீதத்துக்கும் மேல் அதிகச் செலவு.

நம்ம பாட்டிமார் தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு வைத்த புல்லுக்கட்டு, நாம் இரண்டு கையிலும் தொங்கவிட்டு வரும் சூப்பர் மார்க்கெட் பைகளைவிட புத்திசாலித்தனம்.

(இங்கே காவடிக் கம்பு பின்வரிசைக்குப் போய்விட்டது. பெடேலிடம் நுகம் முதலிடம். முரணா? ஐரோப்பிய நுகம் இரண்டு தோளிலும் உட்காரும்படி செதுக்கியது. காவடிக் கம்பு ஒரு தோளில் நிற்பது. அதனால் இருக்கலாம். இது என் ஊகம்தான்.)

1986ல் வந்த ஒரு கட்டுரை உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் லுவோ, கிக்குயூ இனப் பெண்கள். லுவோ பெண்கள் தலையில் சுமப்பவர்கள், கிக்குயூ பெண்கள் நெற்றிப் பட்டையில். தங்கள் உடல் எடையில் 20 சதவீதம் வரை சுமக்கும்போது அவர்களுக்குக் கூடுதல் ஆக்சிஜன் செலவே ஆகவில்லை! இலவசச் சுமை. சுமை ஏறும்போது அவர்கள் நடை மணியின் நாக்கு போல இன்னும் சீராக ஆடுகிறது, அதில் மிச்சமாகும் சக்தியில் சுமை போகிறது என்று 1995ல் விளக்கம் வந்தது.

உடனே "பார்த்தீங்களா, நம்ம முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை" என்று வாட்ஸப்பில் பறக்கவிடாதீங்க. 2010ல் தென்னாப்பிரிக்காவில் ஹோசா இனப் பெண்களிடம் அளந்தபோது அந்த இலவசம் எல்லோரிடமும் கிடைக்கவில்லை. ஆளுக்கு ஆள் மாறியது. கழுத்து வலியைப் பற்றியும் அந்தப் பெண்கள் சொன்னார்கள். மூச்சு குறைவாகச் செலவாவது ஒன்று. கழுத்தெலும்பு என்ன சொல்கிறது என்பது இன்னொன்று.

2005ல் நேபாளச் சுமைதூக்கிகள். நாம்சே சந்தைக்கு மலையேறுகிறவர்கள். ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதம் சுமக்கிறார்கள். பெண்கள் 66 சதவீதம். அவ்வளவு பெரிய சுமைகளில் ஆப்பிரிக்கப் பெண்களைவிடவும் இவர்கள் சிக்கனம். ரகசியம் என்ன? மெதுவாக நடப்பார்கள். அடிக்கடி நிற்பார்கள். கையில் இருக்கும் தடியைக் கூடைக்கு அடியில் முட்டுக்கொடுத்து, இறக்காமலே இளைப்பாறுவார்கள்.

ஏன் இறக்குவதில்லை? இறக்கினால் மறுபடி தரையிலிருந்து தூக்க வேண்டுமே!

இந்த இடத்தில்தான் எனக்கு நம்ம ஊர் சுமைதாங்கிக் கல் ஞாபகம் வந்தது. பழைய சாலையோரங்களில் பார்த்திருப்பீங்க. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் படுக்கவைத்திருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர் யார் உதவியும் இல்லாமல் அப்படியே சுமையைக் கல்லின் மேல் நகர்த்திவிடலாம். மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி தலையைக் கொடுத்து நடக்கலாம். சுமந்து நடப்பது ஒரு செலவு, தரையிலிருந்து தலைக்கு ஏற்றுவது அதைவிடக் கொடுமை. அந்தக் கல் இரண்டாவதை அப்படியே அழித்துவிடுகிறது.

பிரசவத்துக்கு முன்பே வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாகத்தான் இந்தக் கற்களில் பலவற்றை நட்டார்கள். இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, மற்றவர்கள் இறக்கிவைக்க ஒரு கல். அந்தக் காலத்தில் அது எத்தனை வீடுகளில் நடந்திருக்கும் என்று, ஒரு மருத்துவனாக, அந்தக் கற்களைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

சரி, முட்டிக்குத் திரும்புவோம்.

1934ல் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், முதுகெலும்பு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதுதான் பலருடைய கால்வலிக்குக் காரணம் என்று காட்டினார்கள். அதுவரை இடுப்புவலி என்பது வாதம், வாயு. இப்போது குற்றவாளி கிடைத்துவிட்டான்: வட்டு. 1960களில் ஸ்வீடனின் நாக்கெம்சன், உயிரோடு இருப்பவர்களின் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தையே அளந்தார். குனிந்தால் அழுத்தம் ஏறுகிறது. ஆக, குனியாதே, முட்டியை மடக்கு. ஆலைச் சுவர்களில் படம் போட்டு ஒட்டியாகிவிட்டது.

1999ல் ஜெர்மனியில் வில்கே குழுவினர் அதை இன்னும் நுட்பமாகச் செய்தார்கள். 45 வயதுத் தன்னார்வலர் ஒருவரின் கீழ்முதுகு வட்டில் அளவுமானியைப் பொருத்தி ஒரு நாள் முழுக்கப் பதிவு. ஒரே ஒரு ஆள்தான், அதை மறக்கக் கூடாது. ஆனால் எண்களைப் பாருங்கள். படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல். நிற்கும்போது 0.5. 20 கிலோவை முதுகை வளைத்துக் குனிந்து தூக்கியபோது 2.3. உங்கள் கார் டயரில் இருப்பதைப்போல் பத்து மடங்கு!

முட்டியை மடக்கித் தூக்கியபோது 1.7. குறைகிறது, உண்மை. அதனால்தான் நான் சொன்னது பாதி சரி என்றேன்.

அதே 20 கிலோவை நிமிர்ந்து நின்று, உடம்போடு ஒட்டிப் பிடித்தால் 1.1. நெஞ்சிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 1.8. குனியவே இல்லை, நிமிர்ந்துதான் நிற்கிறார்! தள்ளிப் பிடித்ததற்கே முட்டி மடக்கித் தூக்கியதைவிட அதிக அழுத்தம். போரெல்லியின் சீசா பலகைதான். குனிவதும் நிமிர்வதும் மட்டும் கணக்கில்லை, சுமை உடம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் கணக்கு.

இப்போது அரிசி மூட்டையை யோசியுங்கள். அகலமானது. இரண்டு முட்டிக்கும் நடுவில் அது வராது. முட்டியை மடக்கி உட்கார்ந்தால் மூட்டை முட்டிக்கு முன்னால் தள்ளிப் போய்விடும். போஸ்டரில் இருக்கும் ஆள் தூக்குவதோ சின்னதாக, அழகாக ஒரு அட்டைப் பெட்டி.

1999ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து, குனிவதைவிட உட்கார்ந்து தூக்குவதே மேல் என்று பொதுவாகச் சிபாரிசு செய்ய ஆதாரம் போதாது என்றார்கள். அதற்கு முன்பே 1997ல் அமெரிக்கத் தபால்துறையில் சுமார் 4000 ஊழியர்களை வைத்து, சரியாகத் தூக்கப் பயிற்சி கொடுத்து, ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். பயிற்சி பெற்ற குழுவில் இடுப்புக் காயம் குறையவில்லை.

அப்போ எது குறைக்கும்?

அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் ஒன்று 1991ல் திருத்தி வெளியிட்ட சூத்திரம் இருக்கிறது. எல்லாம் சரியாக அமைந்தால்கூட அது ஆரம்பிப்பது 23 கிலோவில்தான். பொருள் தரையில் கிடந்தால் 18க்குக் கீழே இறங்கிவிடும். அதோடு கணுக்காலிலிருந்து 40 செ.மீ. தள்ளியும் இருந்தால் 11. அதற்கு மேல் எவ்வளவு உயரம், நிமிடத்துக்கு எத்தனை தடவை, திரும்பித் திரும்பி வைக்கணுமா என்று குறைந்துகொண்டே போகும். நம்ம அண்ணன் தூக்கியது 25. நாளுக்கு 300 தடவை.

அந்தச் சூத்திரத்தில் முட்டி என்று ஒரு இடமே இல்லை. எடை, தூரம், உயரம், திருப்பம், பிடி, வேகம். இதில் பெரும்பாலானவை தூக்குகிறவர் கையில் இல்லை, தூக்கவைக்கிறவர் கையில் இருக்கின்றன.

மூட்டையின் எடையும் கடவுள் எழுதியது இல்லை. இங்கிலாந்துப் பண்ணைகளில் ஒரு காலத்தில் கோதுமை மூட்டை 114 கிலோ. ஒரே ஆள் முதுகில்! 1967ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஆணுக்கு 55 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. இன்று ஐரோப்பாவில் சிமெண்ட் மூட்டை பெரும்பாலும் 25 கிலோ. நம்ம ஊரில் 50. நம்ம தொழிற்சாலைச் சட்டம் 1948ன் 34வது பிரிவு, காயம் உண்டாக்கும் அளவுக்கு எடை தூக்கவைக்கக் கூடாது என்றது. நான் பார்க்கிற லோடுமேன்களில் ஒருத்தருக்கும் அது தெரியாது.

வீட்டில் தூக்குகிறவர்களுக்கு: கேஸ் சிலிண்டரோ குடமோ, முதலில் கிட்டப் போங்க, உடம்போடு ஒட்டிப் பிடிங்க. தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்பாதீங்க, காலை எடுத்துவைத்துத் திரும்புங்க. தூங்கி எழுந்ததும் வட்டு நீர் கோத்து உப்பியிருக்கும், அதனால் எழுந்த கையோடு கனமானதைத் தூக்க வேண்டாம். ஒரே நடையை இரண்டு நடையாக்குவதில் அவமானம் இல்லை. குனிவதே பாவம் என்று பயந்து விறைப்பாக நடக்கவும் வேண்டாம். செருப்பை எடுக்கத் தாராளமாகக் குனியலாம். ஆனால் வலியோடு கால் மரத்துப்போனாலோ, பாதம் தொங்கினாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு போனாலோ, இந்த இழையைப் படித்துக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகணும்.

அந்த அண்ணன் பத்து நாள் கழித்து திரும்ப வந்தபோது, "நான் சொன்னதை விடுங்கண்ணே, உங்க மண்டியில மூட்டையை ஏன் தரையில வைக்கிறாங்க?" என்று கேட்டேன். "லாரியிலேர்ந்து அப்படியே தள்ளிருவாங்க சார்" என்றார். மாத்திரைச் சீட்டின் பின்பக்கத்தில் முதலாளிக்கு எழுதிக் கொடுத்தேன்: மூட்டையைத் தரையில் போட வேண்டாம், இடுப்பு உயரத்துக்குக் கட்டை போட்டு அதன்மேல் அடுக்கவும். சுமைதாங்கிக் கல்லைப் பற்றியும் ஒரு வரி.

முதலாளி முதலில் சிரித்திருக்கிறார். பிறகு, மூட்டை சீக்கிரம் ஏறுகிறது என்று தெரிந்ததும் ஒத்துக்கொண்டிருக்கிறார். இடுப்புக்காக இல்லை, நேரத்துக்காக. பரவாயில்லை.

போன மாதம் சுகர் பார்க்க வந்தார் அண்ணன். பழைய மரப்பலகைகள் மூன்று அடுக்கு போட்டிருக்காங்களாம், முட்டி உயரம் வந்திருக்காம். இன்னும் இரண்டு அடுக்கு கேட்டிருக்காங்க.